வார்ப்புக்கு முந்திய மரம்

கிணற்று மேட்டில் ஓடும் பம்பு, மில்லில் சுழன்ற புல்லி, கரும்பாலை எஞ்சினின் ஃபிளைவீல் எல்லாமே இரும்பாவதற்கு முன் மரமாக இருந்தவை. இதைச் சொன்னால் கோயம்புத்தூரிலேயே பலர் நம்புவதில்லை. பவுண்டரி என்றதும் உலையும் தீப்பொறியும்தான் கண்முன் வருகின்றன. உருகிய இரும்பை ஊற்ற மணலில் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்தை உண்டாக்க, செய்யப்போகும் பொருளின் வடிவத்திலேயே ஒரு மரக்கட்டை வேண்டும். அந்தக் கட்டைதான் பேட்டர்ன். அதைச் சுற்றி மணலை இடித்து இறுக்கி, மணல் உடையாமல் கட்டையை உருவி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் இரும்பை ஊற்றுவார்கள். இந்த ஊரின் கணபதிப் பகுதிப் பட்டறைகளில் பேட்டர்ன் மேக்கராகவே என் ஆயுசின் பெரும்பகுதி போயிற்று.

பேட்டர்ன் வேலையில் கடினமானது எது என்று கேட்டால், பெரிய வட்டம் என்பேன். சதுரப் பெட்டியைத் தச்சு வேலை தெரிந்த யாரும் செய்யலாம். நாலடி விட்டத்தில் ஒரு ஃபிளைவீல் பேட்டர்ன் என்று வரைபடம் வந்தால், பட்டறையில் எல்லோரும் மேஸ்திரியின் முகத்தைத்தான் பார்ப்போம்.

ஒரே பலகையில் வட்டமாக அறுத்துவிட்டால் என்ன என்று முதல் மாதத்தில் நானும் கேட்டேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. "மரம் நீளவாக்குல சுருங்காது கண்ணு, அகலவாக்குலதான் சுருங்கும். இன்னைக்கு வட்டமா அறுத்தா ஆடி மாசத்துல அது முட்டையா நிக்கும்" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஊர் இது. நன்றாக உலர்ந்த தேக்கு கூட அந்தக் காற்றுக்கு அசைந்து கொடுக்கும். இரண்டங்குலப் பொம்மையில் அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாது. நாலடி வட்டமோ கால் அங்குலத்துக்கு மேல் கோணிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒற்றைப் பலகை வட்டத்தின் விளிம்பில் இரண்டு இடங்களில் மரத்தின் ரேகை பக்கவாட்டில் ஓடும், மற்ற இரண்டு இடங்களில் ரேகையின் வெட்டுமுனை வெளியே பார்த்தபடி நிற்கும். அந்த முனைகளில் உளி பட்டால் மரம் பிய்யும், மணல் பட்டால் கவ்வும். பேட்டர்னை உருவும்போது மணலும் சேர்ந்து வந்துவிட்டால், மணல் இடித்து அச்செடுக்கும் மோல்டரின் அன்றைய உழைப்பு முழுக்க வீண்.

ஆகவே வளையம் முழுக்க ரேகை விளிம்போடு ஓட வேண்டும். அப்படி வளரும் மரம் எதுவும் கிடையாது. நாம்தான் துண்டு துண்டாகக் கூட்டி அதை உண்டாக்க வேண்டும். அந்தத் துண்டுகளைப் பட்டறையில் செக்மென்ட் என்போம்.

நாலடி ஃபிளைவீலையே எடுத்துக்கொள்வோம். விளிம்பின் தடிப்பு நாலு அங்குலம். வட்டத்தை ஆறு துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஏழு அங்குல அகலப் பலகை வேண்டும். துண்டின் இரு கோடியிலும் ரேகை விளிம்பை விட்டு வெகுவாக விலகிப் போகும். பன்னிரண்டாகப் பிரித்தால் ஐந்து அங்குலப் பலகை போதும், ரேகையும் வளைவை ஒட்டியே போகும். ஆனால் இணைப்புகள் இரட்டிப்பாகும். பன்னிரண்டு துண்டுக்கு இருபத்து நாலு முனைகள், ஒவ்வொரு முனையையும் 15 பாகையில் சீவ வேண்டும். ஒவ்வொன்றிலும் கால் பாகை தவறினால், வளையத்தை மூடும் இடத்தில் 6 பாகை இடைவெளி நிற்கும். நாலடி வட்டத்தின் விளிம்பில் அது இரண்டரை அங்குலம். இரண்டரை அங்குல இடைவெளியைப் பசையால் அடைக்க முடியாது. அதனால் துண்டுகளை அறுத்ததோடு விடமாட்டோம். முனைகளை இழைப்புளியால் ஒவ்வொன்றாகச் சீவி, பக்கத்துத் துண்டோடு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்போம். நடுவில் வெளிச்சம் கசிந்தால் திரும்பவும் இழைப்போம். கடைசித் துண்டை அளவு பார்த்து அறுப்பதே இல்லை, மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்றபடி சீவிப் பொருத்துவதுதான் வழக்கம்.

ஒரு வளையம் ஓர் அங்குலத் தடிப்பு. ஃபிளைவீலின் அகலம் ஆறு அங்குலம் என்றால் ஆறு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். ஆக மொத்தம் எழுபத்திரண்டு துண்டுகள். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, கீழ் வரிசையின் இணைப்புக்கு மேலே மேல் வரிசைத் துண்டின் நடுப்பகுதி வர வேண்டும். இணைப்பின் மேல் இணைப்பு விழுந்தால், மணல் இடிக்கும்போது வளையம் அங்கேதான் பிளக்கும்.

அந்தக் காலத்தில் பசை என்றால் வஜ்ரம்தான். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில், வெளிப்புறம் வெந்நீர் கொதிக்க, உள்ளே வஜ்ரம் உருகிக்கொண்டிருக்கும். பட்டறை முழுக்க அந்த வாடைதான். வெட்டுமுனைகள் பசையைக் குடித்துவிடும் என்பதால் முதலில் நீர்த்த வஜ்ரத்தை ஒரு கை பூசி ஆறவிட்டு, பிறகுதான் கெட்டியாகப் பூசுவோம். ஆறுவதற்குள் துண்டைப் பதித்து இறுக்கிவிட வேண்டும், அதற்குக் கை வேகம் வேண்டும். 1959-இல் ஃபெவிகால் வந்தது. காய்ச்சும் வேலை போயிற்று, நிதானமாகப் பொருத்தவும் நேரம் கிடைத்தது. பழைய மேஸ்திரிகள் சிலர் மட்டும் வஜ்ரத்தை விடவே இல்லை. வெந்நீர் ஊற்றினால் பிரித்துத் திருத்தலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் நியாயம் இருந்தது.

கூட்டிய வளையம் லேத்துக்குப் போகும். சாதாரண மர லேத்தின் படுக்கைக்கு மேலே நாலடி வட்டம் சுழலாது, இடிக்கும். அதனால் லேத் தலையின் மறுபுறத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில், வளையத்தை ஏந்தும் வட்டத் தட்டான ஃபேஸ்பிளேட்டை மாட்டுவோம். உளியைத் தாங்க, தரையில் தனியாக நிற்கும் கனத்த இரும்பு ஸ்டாண்டு உண்டு. நிமிடத்துக்கு 200 சுற்று என்பது கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். நாலடி வட்டத்தின் விளிம்பில் அது மணிக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர் வேகம். ஒரு துண்டு விடுபட்டுப் பறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் முறை மோட்டாரைப் போடும்போது வளையத்துக்கு நேரே யாரையும் நிற்க விடமாட்டார்கள். கடைசல்காரர்கள் சிலர் வளைந்த உளியால் மரத்தைச் சீவிச் சீவி எடுப்பார்கள், சுருள் சுருளாக விழும். எங்கள் உளி தட்டையான கனத்த சுரண்டுளி. அழகான சுருள் எங்களுக்குத் தேவையில்லை, அளவுதான் தேவை. ஒரு நூல் அளவு சுரண்டுவோம், நிறுத்துவோம், அச்சுப்பலகையை வைத்துப் பார்ப்போம், மறுபடியும் சுரண்டுவோம்.

நான் மிகவும் விரும்பிய வேலை காகித இணைப்பு. கடைசல் முடிந்த வளையத்தை ஃபேஸ்பிளேட்டில் பொருத்திய பலகையிலிருந்து கழற்ற வேண்டும், ஆனால் வளையத்துக்குக் கீறல் விழக்கூடாது. அதனால் ஒட்டும்போதே இரண்டுக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து ஒட்டிவிடுவோம். வேலை முடிந்ததும் அந்தக் கோட்டில் அகல உளியை வைத்து லேசாகத் தட்டினால் தாள் இரண்டாகக் கிழியும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பாதிகளாகப் பிரியவேண்டிய பேட்டர்னையும் இப்படித்தான் செய்வோம். தாள் வைத்து ஒட்டி, ஒரே உருவாகக் கடைந்து, பிறகு நடுவே பிளப்போம். இரு பாதியும் மயிரிழை பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்தும். பழைய செய்தித்தாள்தான் பயன்படும். பிளந்த மரத்தில் என்றைக்கோ வந்த செய்தி தலைகீழாக ஒட்டியிருக்கும்.

அளவு தனிக்கதை. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்கும். நாலடிக்கு அரை அங்குலம். அதோடு, வார்த்தபின் மெஷினில் கடைவதற்கும் மேல்பரப்பில் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். ஆகவே 48 அங்குல ஃபிளைவீலுக்குப் பேட்டர்ன் 48¾ அங்குலம் வரும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடத் தேவையில்லாதபடி எங்களுக்கென்று தனி ஸ்கேல் உண்டு. அதில் ஓர் அடி என்பது உண்மையில் பன்னிரண்டே எட்டில் ஒரு பங்கு அங்குலம். எஃகுக்கு வேறு ஸ்கேல், பித்தளைக்கு வேறு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் தனித்தனி ஆணியில் மாட்டியிருப்போம். மரத்தில் செய்து, அதிலிருந்து அலுமினியப் பேட்டர்ன் வார்த்து, அதை வைத்து இரும்பு வார்ப்பதென்றால் இரட்டைச் சுருக்கம் பார்க்க வேண்டும். "இரும்பு ஆறுனா சுருங்கும், மரம் மழைக்குப் பெருக்கும். ரெண்டையும் ஒரே கட்டையில அடக்கோணும்" என்பார் மேஸ்திரி. எங்கள் தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

பழைய புல்லிகளின் கைகள் வளைந்திருப்பதை மில்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அலங்காரத்துக்கு வளைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பு, கை, நடுக்குடம் மூன்றும் ஒரே வேளையில் ஆறுவதில்லை. நேர்க்கையாக இருந்தால் இழுபட்டு விரிசல் விடும், வளைந்த கை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். அந்த வளைவை முதலில் மரத்தில் செதுக்கியவன் பேட்டர்ன் மேக்கர்.

மணலில் பானை வார்ப்பதிலிருந்துதான் இந்த வேலை பெருகியது. 1707-இல் இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி, வயிறு பெருத்த இரும்புப் பானைகளை மணல் அச்சில் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டு கழித்து கோல்புரூக்டேலில் கல்கரி கொண்டு இரும்பு உருக்கியவரும் அவரே. அதுவரை அப்படிப்பட்ட இரும்புப் பானைக்குக் களிமண் அச்சு, ஒவ்வொரு பானைக்கும் தனித்தனியாக. மணலில் வார்க்கத் தொடங்கியதும் ஒரே உருவை வைத்து எத்தனை பானை வேண்டுமானாலும் வார்க்கலாம் என்றாயிற்று. நம் சுவாமிமலை ஸ்தபதிகளின் வழி இதற்கு நேர் எதிரானது. அவர்கள் மெழுகில் உருவம் செய்து, அது உருகிப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். தெய்வத்துக்கு அது சரி. ஒரே மாதிரி ஆயிரம் பம்பு வேண்டுமென்றால் மரப் பேட்டர்ன்தான் வேண்டும்.

நீராவி எஞ்சின் காலத்தில் எங்கள் தொழிலுக்கு ஏற்றம் வந்தது. ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டனிடம் 1777-இல் வேலை தேடி வந்த ஸ்காட்லாந்து இளைஞர் வில்லியம் முர்டாக்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பேட்டியின்போது அவர் கையிலிருந்த தொப்பி தரையில் விழுந்து டொக்கென்று சத்தம் போட்டது. விசாரித்தால், மரத்தில் கடைந்த தொப்பி. தலைக்கு ஏற்ற நீள்வட்டமாக, தானே செய்த லேத்தில் கடைந்தது என்றாராம். வேலை கிடைத்தது, அதுவும் பேட்டர்ன் பிரிவில். பின்னாளில் நிலக்கரி வாயுவால் விளக்கெரித்துப் பெயர் பெற்றவர் இவர்தான். கதையின் ஒவ்வொரு சொல்லும் நடந்ததோ இல்லையோ, மரத்தில் நீள்வட்டம் கடையத் தெரிந்தவனை எஞ்சின் கம்பெனி விடாது என்பதை நான் முழுக்க நம்புகிறேன். 1872-இல் பிரிட்டனிலும் 1887-இல் அமெரிக்காவிலும் பேட்டர்ன் மேக்கர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். தச்சரோடும் சேராமல் மோல்டரோடும் சேராமல் தனியே நின்றார்கள், அந்தக் கைவேலைக்கு அத்தனை மதிப்பு இருந்தது.

கோயம்புத்தூருக்கு இந்த வேலை மில்லோடு வந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. மில்லில் ஒரே எஞ்சினின் சக்தியை நீண்ட ஷாஃப்ட் வழியாக மெஷின்களுக்குக் கடத்தியது புல்லிகள்தான். பல் உடைந்த சக்கரத்துக்கு மாற்று லங்காஷயரிலிருந்து கப்பலில் வரும்வரை மெஷினை நிறுத்திவைக்க முடியாது. உடைந்ததைப் பார்த்து இங்கேயே வார்க்கத் தொடங்கினார்கள். 1920-களில் நாராயணசாமி நாயுடுவின் தண்டாயுதபாணி பவுண்டரி போன்றவை எழுந்தன. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. கவலை இறைத்த ஆழக் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்திய மோட்டாரைச் செய்துகாட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றதும் ஊரே பட்டறையானது. 1962-இல் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் வந்தபின் நூற்பு மெஷின் பாகங்களுக்கு வார்ப்பு வேலை பெருகியது. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலாளிகளின் பெயரைச் சரியாகவே எழுதுகிறார்கள். பம்பு உறையின் சுருள் வடிவத்தை, நத்தை ஓடுபோல் விரிந்துகொண்டே போகும் அந்த வளைவை, முதலில் தேக்கில் செய்து பார்த்த கைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசல் நம் ஊருக்குப் புதிதல்ல. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் மஞ்சள் கடம்பில் சொப்பு கடைந்தார்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசல் சூட்டில் வண்ணம் உருகிப் படியும், தாழை மடலால் தேய்த்தால் மினுங்கும். எங்கள் பட்டறைக்கு வந்த முதல் தலைமுறையில் அப்படிக் கடைந்த குடும்பத்துக் கைகளும் இருந்தன. சின்னக் கட்டையைக் கடையும் நுட்பத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பெரிய வட்டத்தில் துண்டு கூட்டுவதை மட்டும் பவுண்டரி கற்றுக்கொடுத்தது.

அமெரிக்காவில் இன்று இதே முறையில் மரப்பாத்திரங்களைச் செய்கிறார்கள் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன். 1986-இல் அங்கே மரம் கடைபவர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உருவானது. ரே ஆலன் என்பவர் அமெரிக்கத் தென்மேற்குப் பழங்குடிகளின் மண்பானை வடிவங்களை, வெவ்வேறு நிற மரத் துண்டுகளைக் கூட்டிக் கடைந்து புகழ்பெற்றார். ஆயிரக்கணக்கான துண்டுகளில் ஒரு ஜாடி செய்கிறவர்களும் உண்டு. படங்களைப் பார்த்ததும் என் கண் இணைப்புகளைத்தான் தேடியது. மேல் வரிசை கீழ் வரிசையிலிருந்து அரைத் துண்டு தள்ளியே நிற்கிறது. பாத்திரத்தின் அடியில் அகலமான ஒற்றைப் பலகையை வளையத்தோடு இறுக்கி ஒட்டினால் அது பெருத்து வளையத்தைப் பிளந்துவிடும் என்பதை அறிந்து, அடிப்பலகைக்கு அசைய இடம் விடுகிறார்கள். எங்கள் பெரிய தட்டுப் பேட்டர்ன்களை ஒற்றைப் பலகையில் செய்யாமல், குறுகிய பட்டைகளுக்கிடையே சந்து விட்டுச் செய்ததற்கும் அதே காரணம்தான். வேறுபாடு ஒன்றுதான். அவர்கள் இணைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கூட்டுகிறார்கள். நாங்கள் அத்தனை நுட்பமாகக் கூட்டியதை வண்ணம் பூசி மூடினோம், வார்ப்புக்குள் வெற்றிடம் உண்டாக்கும் மணல் கட்டையான கோர் நிற்கும் இடத்துக்குக் கறுப்பு, மற்ற இடத்துக்கு வேறு நிறம். மோல்டர் அதை மணலில் புதைத்தார்.

இப்போது மரப் பேட்டர்ன் அரிது. ரெசின் வந்துவிட்டது, தெர்மோகோலைச் செதுக்கி அப்படியே மணலில் புதைத்து இரும்பை ஊற்றுகிறார்கள், கம்ப்யூட்டர் சொன்னபடி மெஷின் கடைகிறது. அளவு துல்லியமாக வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய முறைக்குத் திரும்புங்கள் என்று யாரையும் நான் கேட்கமாட்டேன்.

நான் கேட்பது வேறு. பழைய பவுண்டரிகளின் பரண்களில் இன்னும் மரப் பேட்டர்ன்கள் கிடக்கின்றன. ஓடாத எஞ்சின்களின் ஃபிளைவீல், மூடிய மில்களின் புல்லி, பெயர் மறந்த கம்பெனிகளின் பம்பு உறை. கரையான் தின்றது போக மிச்சத்தை இடம் காலி செய்ய விறகுக்கு எடை போடுகிறார்கள். ஒரு பேட்டர்னைப் பார்த்தால் அந்தப் பொருளை எப்படி வார்த்தார்கள், எங்கே பிளந்தார்கள், எவ்வளவு சுருக்கம் விட்டார்கள் என்று முழுக்கப் படிக்கலாம். வரைபடம் இல்லாமல் போன எத்தனையோ பாகங்களுக்கு அதுதான் கடைசி ஆவணம். பவுண்டரி வைத்திருப்பவர்களே, லாரியில் ஏற்றும் முன் ஒரு வாரம் பொறுங்கள். ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படமெடுங்கள். அதில் அடித்திருக்கும் எண்ணையும் கம்பெனிப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்லதாகத் தேறும் சிலவற்றை ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கொடுங்கள். எதை எதற்குச் செய்தோம் என்று சொல்ல ஊரில் இன்னும் சில கிழவர்கள் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.